பதினைந்து பெற்றோர் கேட்டால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி 21 வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் தாய்மொழி தின வாழ்த்து குவிந்துவிடும். 1952-இல் டாக்காவில் வங்காள மொழிக்காக மாணவர்கள் குண்டடிபட்டுச் செத்த நாள், 1999-இல் யுனெஸ்கோ அறிவித்தது என்று விளக்கமும் சேர்ந்தே வரும். இந்த ஆண்டு நானும் நாலு குழுவுக்கு அனுப்பினேன். அதே வாரம் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த என் மகள், இங்கே பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேர்ந்திருக்கிறாள். கால அட்டவணையைப் பார்த்தால் தமிழே இல்லை. நேரில் போய்க் கேட்டேன், "யாரும் கேக்கலையே சார்" என்றார்கள். கோபம்தான் வந்தது, ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர்கள் சொன்னது சரி. மலேசியாவின் 1996 கல்விச் சட்டப்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் படிக்க வசதி செய்து தரவேண்டும். கேட்டால்தான். அந்தப் பள்ளியில் நம் பிள்ளைகள் முப்பது பேருக்குக் குறையாது, ஒருவரும் வாய் திறக்கவில்லை, மூத்தவன் அங்கே படித்த ஐந்து வருஷமும் நானும் திறக்கவில்லை. அவன் போன மாதம் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தான். ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன்!

சரி, இந்தத் தடவை விடக்கூடாது என்று ஒரு கடிதம் தயார் செய்து, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றேன். "தமிழ் எடுத்தா எஸ்.பி.எம்.மில ஒரு ஏ போயிடும் அண்ணே" என்றார் ஒருவர். எஸ்.பி.எம். ஐந்தாம் படிவத்தில் எழுதும் தேர்வு, அவர் பிள்ளை இப்போதுதான் முதலாம் படிவம். "வீட்லதான் பேசுறாளே, அது போதாதா" என்றார் ஓர் அம்மா, அதற்குள் மகள் வர, அவளிடம் பேசியதெல்லாம் ஆங்கிலம். லாரி ஓட்டும் ஒருவர் மட்டும் எதுவும் கேட்காமல் தாளை வாங்கி, என் கார் பானெட்டில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். "எங்க போட்டாலும் இதேதான்" என்றவர், தம்பி மகனும் இங்கேதான் படிக்கிறான், தம்பியையும் நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்றார். சொன்னபடி மறுநாள் கூட்டியும் வந்தார்.

ஆசிரியர் கிடைக்க வேண்டும், வகுப்பு பள்ளி நேரத்துக்கு அப்புறம் வைத்தால் பேருந்து கிடைக்காது, இதெல்லாம் உண்மையான சிக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதெல்லாம் 15 பேர் சேர்ந்த பிறகு பேசவேண்டியது. 1816-இல் பினாங்கு பிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்துத்தானே 2016-இல் மலேசியத் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு என்று மாலையும் மேடையுமாகக் கொண்டாடினோம்? அந்த மேடைகளில் பேசியவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுத்தார்கள் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள்.

உங்கள் வாசகர்களில் இந்த ஆண்டு முதலாம் படிவத்துக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள், பள்ளியில் தமிழ் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கடிதத்தோடு வாசலில் நில்லுங்கள். மூன்று நாள் நின்றதில் எனக்கு 13 கையெழுத்து சேர்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு வேண்டும், திங்கட்கிழமை மறுபடி நிற்பேன்.

ஒரு தகப்பன்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு