பக்கத்து சீட் அக்காவுக்கு ஒரு நன்றி

அக்கா, பேர் போட்டா உங்களுக்குப் பிடிக்காது, அதனால போடல. கால் சென்டர்ல வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், ஒருத்தர் கத்தி முடிச்சு போனை வெச்ச அடுத்த நொடியே இன்னொரு கால் பீப்புனு வந்து விழும், நடுவுல மூச்சு விடக்கூட நேரம் இருக்காது, பிரேக் போட்டா ஸ்க்ரீன்ல செவப்பா காட்டும், டீம் லீடர் உடனே எட்டிப் பாப்பாரு. அப்பா ஐசியூல இருந்த வாரம் அது. ஒரு கஸ்டமர் குடும்பத்தையே இழுத்துத் திட்டினாரு, எனக்கு குரலே வரல, மியூட் போட்டுட்டு அழுதுட்டு இருந்தேன். நீங்க என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. என் ஹெட்செட்டைக் கழட்டி நீங்க மாட்டிக்கிட்டு "சார், நான் சீனியர் பேசறேன், சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சீங்க, இன்னொரு கையால என்னை எழுந்து போன்னு சைகை. திரும்பி வந்து பாத்தா அந்த கம்ப்ளைண்ட்டுக்கு நோட்ஸ் வரைக்கும் டைப் பண்ணி முடிச்சு வெச்சிருந்தீங்க. டீம் லீடர்கிட்ட "நான்தான் அவளை அனுப்பினேன்"னு சொன்னது ரொம்ப நாள் கழிச்சு வேற ஆள் சொல்லித்தான் தெரியும், அன்னைக்கு உங்க வேலைக்குப் போடற ஸ்கோரும் அடி வாங்கியிருக்கும்ல? (சுவத்துல ஒட்டியிருந்த வெல்னஸ் போஸ்டரெல்லாம் சும்மா.) நீங்க வேலையை விட்டுப் போன அன்னைக்கு நான் லீவு, நேர்ல சொல்ல முடியல. ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்க்கா. அப்பா இப்போ நல்லா இருக்காரு. இது கண்ணுல பட்டா ஒரு மெசேஜ் போடுங்க, என் நம்பர் அதேதான்.