செயலாளரின் ஆண்டறிக்கை: பலகைக்கு முன் பேச்சு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

எந்தெந்தப் பழைய கணினியை எந்தெந்த எஃப்பிஜிஏ பலகையில், அதாவது உள்ளே நாமே சுற்றை அமைக்கக்கூடிய சிப் உள்ள மின்னணுப் பலகையில், எழுப்பினோம் என்று பட்டியல் வாசிப்பது நம் ஆண்டறிக்கையின் வழக்கம். இந்த ஆண்டு அப்படிப்பட்ட பட்டியல் சிறியது. போன பொதுக்குழுவில் நீங்கள் எடுத்த முடிவே அதற்குக் காரணம். புதிதாகச் சேர்பவர்களும் மூத்தவர்களும் ஒரே சொற்களை வேறு வேறு பொருளில் பேசிக்கொண்டிருந்தோம். அடிப்படைச் சொற்களில் ஒரு தெளிவு வரும்வரை புதுப் பலகை வாங்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் அந்த வேலைக்கே போயின. அதனால் இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

எல்லாக் கூட்டங்களுக்கும் உதாரணமாக பிபிசி மைக்ரோவை எடுத்துக்கொண்டோம். 1981-இல் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் வெளியிட்ட கணினி அது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 செயலி, மாடல் பி-யில் 32 கிலோபைட் ராம். 1980களின் நடுவில் நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கணினி கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் வந்ததும் இதுதான். சண்டிகரை ஒட்டிய மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. நம் மூத்த உறுப்பினர்கள் சிலர் வாழ்க்கையில் முதலில் விசை தட்டிய கணினி என்பதால் கூட்டத்தில் யாருக்கும் அலுப்புத் தட்டவில்லை.

முதலில் சிப்பிலிருந்தே தொடங்கினோம். எஃப்பிஜிஏ என்பது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகும் உள்ளே இருக்கும் சுற்றை நாம் மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய சிப். சைலிங்ஸ் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த எக்ஸ்சி2064 இந்த வகையில் முன்னோடி. அதில் மொத்தமே 64 தர்க்கக் கட்டங்கள்தான். இன்றைய சிப்பிலும் அடிப்படை மாறவில்லை. கட்டங்கள், அவற்றை இணைக்கும் கம்பிப் பாதைகள், பாதைகளைத் திறந்து மூடும் சுவிட்சுகள், அவ்வளவே.

கட்டத்துக்குள் இருப்பது எல்யூடி, அதாவது லுக்-அப் டேபிள். இதை நம் உறுப்பினராக இருக்கும் கணித ஆசிரியர் ஒருவர் விளக்கியது எனக்கு மிகவும் பிடித்தது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் நாம் கூட்டிப் பார்ப்பதில்லை, வாய்ப்பாட்டிலிருந்து விடையைச் சொல்லிவிடுகிறோம். எல்யூடியும் எதையும் கணக்கிடுவதில்லை. நான்கு உள்ளீடு என்றால் 16 சேர்க்கைகள். அந்த 16-க்கும் விடையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் ஆண்ட், ஆர், எக்ஸார் என எந்தத் தர்க்கமாகவும் அதே கட்டம் நடிக்கும். அதன் பக்கத்தில் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப். அது ஒரு பிட்டை அடுத்த க்ளாக் துடிப்பு வரை, அதாவது சுற்று முழுவதற்கும் தாளம் போடும் சிக்னலின் அடுத்த தட்டு வரை, பிடித்து வைத்திருக்கும். இவை இரண்டையும் தவிர, சிப்புக்குள் அங்கங்கே பொதிந்திருக்கும் நினைவகத் துண்டுகளுக்கு பிளாக் ராம் என்று பெயர்.

பிளாக் ராம் என்ற சொல் எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த கூட்டத்திலேயே தெரிந்தது. நம்மிடம் இருக்கும் டாங் நானோ 9கே பலகையில் 8,640 எல்யூடிகள் உள்ளன. பிபிசி மைக்ரோவுக்கு இது போதும் என்று இளைஞர் அணி தொடங்கிவிட்டது. ஆனால் அந்தச் சிப்பின் பிளாக் ராம் 468 கிலோபிட், அதாவது 58.5 கிலோபைட். பிபிசிக்கு ராம் 32, இயங்குதளத்தை வைத்திருக்கும் ரோம் (அழியாத நினைவகம்) 16, பேசிக் மொழிக்கான ரோம் 16, மொத்தம் 64 கிலோபைட் வேண்டும். எல்யூடி போதுமா என்று மட்டும் கேட்டால் போதாது, நினைவகமும் கொள்ள வேண்டும். ரோமை வெளி நினைவகத்துக்குத் தள்ளலாமா என்று இரண்டு கூட்டங்கள் பேசினோம். பிபிசியின் ராம் ஒன்று விட்டு ஒன்று செயலிக்கும் திரைக்கும் முறை வைத்துக் கொடுக்க வேண்டியது. அது தாமதத்தைத் தாங்காது, அதனால் உள்ளேயே இருக்க வேண்டும். ரோமுக்கு அந்த நெருக்கடி இல்லை. கடைசியில் 828 கிலோபிட் உள்ள டாங் நானோ 20கே பலகைக்கு மாறினோம். எல்லாம் உள்ளேயே அடங்கிவிட்டது.

அடுத்தது மொழி. வெரிலாக், வி.எச்.டி.எல். இரண்டும் நிரல் மொழிகள் மாதிரியே தோன்றும். சி, பைத்தான் தெரிந்தவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் இதில் அதிக நேரம் செலவிட்டோம். நாம் எழுதுவது வரிசையாக ஓடும் கட்டளைகள் அல்ல, ஒரு சுற்றின் விவரிப்பு. இதற்கு ஓர் எளிய சோதனை வைத்தோம். 'அ', 'ஆ' என்ற இரண்டு ரெஜிஸ்டர்களின் (ஃப்ளிப்-ஃப்ளாப்பால் ஆன சேமிப்பு இடங்களின்) மதிப்பை ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டும். நிரலில் என்றால் மூன்றாவதாக ஒரு தற்காலிக இடம் தேடுவோம். வெரிலாக்கில் க்ளாக் துடிப்புக்குள் நான்-பிளாக்கிங் முறையில் (ஒரு வரி இன்னொரு வரிக்குக் காத்திராமல்) 'அ'-வில் 'ஆ', 'ஆ'-வில் 'அ' என்று இரண்டு வரி எழுதினால் போதும். இரண்டின் மதிப்பும் ஒரே துடிப்பில் இடம் மாறிக்கொள்ளும். இதைப் பலகையில் கண்ணால் பார்த்த பிறகுதான் பலருக்கு எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கிறது என்பது உறைத்தது.

விளக்கு சிமிட்டும் பயிற்சியும் இதற்கு உதவியது. டாங் நானோவின் க்ளாக் 27 மெகாஹெர்ட்ஸ். அரை நொடிக்கு ஒருமுறை எல்.இ.டி. மாற வேண்டும் என்றால் 1,35,00,000 துடிப்புகளை எண்ண வேண்டும். அதற்கு 24 பிட் எண்ணி வேண்டும், 23 பிட் போதாது. 'காத்திரு' என்று சொல்ல அங்கே கட்டளை கிடையாது. காத்திருக்கவும் 24 ஃப்ளிப்-ஃப்ளாப் செலவாகிறது.

எழுதியது எப்படிச் சிப்புக்குள் போகிறது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சிந்தசிஸ் நம் விவரிப்பை எல்யூடியும் ஃப்ளிப்-ஃப்ளாப்பும் கொண்ட நெட்லிஸ்ட், அதாவது இணைப்புப் பட்டியல், ஆக்குகிறது. பிளேஸ் அண்ட் ரூட் அவற்றுக்குச் சிப்பில் இடம் ஒதுக்கிப் பாதை போடுகிறது. முடிவில் கிடைப்பது பிட்ஸ்ட்ரீம். அது எல்யூடிகளையும் சுவிட்சுகளையும் நிரப்பும் தகவல், செயலி படித்து ஓட்டும் நிரல் அல்ல. நம் பலகைகளில் மின்சாரம் நின்றால் அது சிப்பிலிருந்து அழிந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷிலிருந்தோ எஸ்.டி. அட்டையிலிருந்தோ மறுபடி ஏற்றுகிறோம். வகுப்புக்கு யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற திறமூலக் கருவிகளையும் பயன்படுத்தினோம். பழைய மடிக்கணினியிலும் அவை ஓடியது மாணவர்களுக்குப் பெரிய உதவி.

டைமிங் பற்றிய பாடம் மே மாதத்தில் தானாக வந்து சேர்ந்தது. காலையில் நன்றாக ஓடிய ஒரு வடிவமைப்பு, மின்விசிறியும் இல்லாத மதியத்தில் திரையை உறைய வைத்தது. பலகை கெட்டுவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். டைமிங் அறிக்கையைத் திறந்தால் ஸ்லாக், அதாவது மிச்ச நேரம், கழித்தல் குறியில் இருந்தது. ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பிலிருந்து புறப்பட்ட சிக்னல் அடுத்த துடிப்புக்குள் போய்ச் சேர நேரம் போதவில்லை என்று கருவி முன்பே எச்சரித்திருக்கிறது, யாரும் படிக்கவில்லை. சூடு ஏறும்போது சுற்று இன்னும் மெதுவாகும், அவ்வளவுதான் விஷயம். நீண்ட தர்க்கப் பாதையின் நடுவில் ஒரு ரெஜிஸ்டரைச் சேர்த்ததும் சரியானது. ஸ்லாக் கழித்தலில் இருக்கும் எதையும் இனி நம் காட்சி மேசையில் வைப்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

அப்புறம், ஆண்டின் மிக நீண்ட விவாதம்: சிமுலேஷன், எமுலேஷன், கோர். வெரிலாக் விவரிப்பைக் கணினியிலேயே ஓட்டி, டெஸ்ட்பெஞ்ச் (சோதனை உள்ளீடு கொடுக்கும் நிரல்) வைத்து, அலை வடிவங்களைப் பார்ப்பதைச் சிமுலேஷன் என்போம். மேம் போல ஒரு மென்பொருள் பழைய இயந்திரத்தின் நடத்தையைப் பின்பற்றுவதை எமுலேட்டர் என்போம். சிப் வடிவமைப்பு நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர்கள், சிப்பை அச்சிடும் முன் பெரிய வன்பொருள் இயந்திரங்களில் ஓட்டிப் பார்ப்பதையும் எமுலேஷன் என்றே சொல்கிறார்கள். அங்கே அது சரியான வழக்கு. நம் கூட்டத்தில் எந்தப் பொருளில் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டுப் பேசினால் போதும் என்று ஒத்துக்கொண்டோம். ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை எஃப்பிஜிஏவில் உருவாக்கும் முழு வடிவமைப்பைக் கோர் என்போம்.

சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். எஃப்பிஜிஏவில் ஓடினாலே அது அசலுக்குச் சமம் என்று சிலர் வாதிட்டார்கள். நான் இதை ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. பிபிசியையே பாருங்கள். 6522 போன்ற மெதுவான துணைச் சிப்புகளைத் தொடும்போது 2 மெகாஹெர்ட்ஸ் செயலியின் க்ளாக் நீட்டப்பட்டு 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். இதை விவரிக்க மறந்த கோரில் நேரத்தை நம்பி எழுதிய விளையாட்டுகள் தாறுமாறாகும். 6502-இன் கையேட்டில் இல்லாத கட்டளைகளைப் பயன்படுத்திய மென்பொருள்களும் உண்டு. கையேட்டை மட்டும் பார்த்து எழுதிய கோரில் அவை படுத்துவிடும். எஃப்பிஜிஏ நமக்குக் கொடுப்பது இணையாக இயங்கும் சுற்றும் குறைந்த தாமதமும். துல்லியம் என்பது எழுதியவர் அசல் இயந்திரத்தை எவ்வளவு புரிந்துகொண்டார் என்பதைப் பொறுத்தது. கவனமாக எழுதிய எமுலேட்டர், அவசரமாக எழுதிய கோரைவிடத் துல்லியமாக இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அசலைப் போலவே நடப்பது சோதித்து உறுதியானால் மட்டுமே 'சைக்கிள் அக்யூரேட்' என்று நம் காட்சி அட்டைகளில் எழுத வேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

சாஃப்ட் கோர், ஹார்டு கோர் வேறுபாட்டுக்கு நம் டிஇ10-நானோ பலகையே நல்ல உதாரணம் (இங்கே கோர் என்பது செயலியை மட்டும் குறிக்கும்). பழைய கணினிகளின் கோர்களை ஓட்டும் மிஸ்டர் என்ற திறமூலத் திட்டத்தின் பலகை அது. அதன் சைக்ளோன் ஐந்து சிப்பில் இரண்டு ஏஆர்எம் செயலிகள் சிலிக்கானிலேயே பதிந்திருக்கின்றன, அவை ஹார்டு கோர். மெனு, எஸ்.டி. அட்டை, யூஎஸ்பி எல்லாம் அவற்றின் பொறுப்பு. சுமார் 1,10,000 தர்க்கக் கூறுகளில் நாம் கட்டும் 6502 சாஃப்ட் கோர். சென்னை ஐஐடியின் சக்தி செயலியும் ஆர்ட்டி ஏ7 பலகையில் சாஃப்ட் கோராக ஓடும். அதன் ஒரு சிப் பிறகு மொகாலியில், 180 நானோமீட்டர் முறையில் தயாரானது. பழைய யூனிகார்ன் நிறுவனத்தின் வழித்தோன்றலான அதே ஆய்வகத்தில்தான். இதைக் கேட்டபோது கூட்டத்தில் எழுந்த கைதட்டல் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மற்றவை சுருக்கமாக. பள்ளி மாணவர்களுக்கான விடுமுறை வகுப்பு தொடர்ந்து நடந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். 20கே பலகையில் பிபிசி இப்போது பேசிக் வரை வருகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, வட்டு இயக்கி பாக்கி. வரும் ஆண்டில் அதை முடிக்கவும், விசைப்பலகை போன்ற வெளி சிக்னல்களை இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப் வழியாக உள்ளே எடுக்கும் முறையைத் தனி வகுப்பாக நடத்தவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பேசித் தீர்த்த சொற்களின் கையேடு இன்று வாசலில் கிடைக்கும். திருத்தம் இருந்தால் எழுதித் தாருங்கள்.

கூட்ட இடம் கொடுத்தவர்களுக்கும், பலகைகளை இரவல் தந்தவர்களுக்கும், வகுப்பில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்