மாப்ள, உன் பல்பு கணக்கு

மாப்ள,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு, கண் ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாளைக்கு ஸ்க்ரீன் பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதான் லேட்டு. இப்ப நல்லா தெரியுது, கவலைப்படாத. பேத்தி பத்தாவது வந்துட்டாளா, அதுக்குள்ளயா! அவளுக்குப் பாடம் சொல்லித்தர்றேன்னு நீ மல்டிமீட்டரை, அதான் வோல்ட்டு, ஆம்பியர், ஓம் எல்லாம் அளக்கற மீட்டர, தூக்கிட்டு வீட்ட சுத்தி வர்றத நெனச்சா சிரிப்புதான் வருது, நடக்கட்டும் நடக்கட்டும்.

சரி, உன் புலம்பலுக்கு வரேன். 60 வாட்ஸ் குண்டு பல்பைக் கழட்டி மீட்டர வச்சா 63 ஓம் காட்டுது, 230 வோல்ட்ட 63-ஆல வகுத்தா 3.65 ஆம்பியர், அத 230-ஆல பெருக்குனா 840 வாட்ஸ் வருது, அப்ப வோல்ட்ட ஓமால வகுத்தா ஆம்பியர்னு சொல்ற ஓம் விதி பொய்யா இல்ல மீட்டர் டுபாக்கூரான்னு கேட்டிருக்க. ரெண்டுமே இல்லடா. நீ அளந்தது அணைஞ்சு ஆறிப்போன பல்பு. எரியறப்ப டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸ் பக்கம் போயிடும், அந்தச் சூட்டுல அதோட ரெசிஸ்டன்ஸ், அதான் கரண்ட்டத் தடுக்கற அளவு, ஓம்ல சொல்றது, பதினாலு மடங்கு வரைக்கும் ஏறி நிக்குது. இப்ப தலைகீழா போட்டுப் பாரு, 60-ஐ 230-ஆல வகு, 0.26 ஆம்பியர். 230-ஐ 0.26-ஆல வகு, கிட்டத்தட்ட 880 ஓம். அதான் எரியற பல்போட நெஜமான ரெசிஸ்டன்ஸ். நீ சொன்ன 3.65 ஆம்பியரும் சும்மா இல்ல, ஸ்விட்ச் போட்ட அந்தக் கண நேரத்துல அவ்ளோ கரண்ட்டு பாயத்தான் பாக்கும், பழைய பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே டப்புனு போறது அதனாலதான்.

அந்த விதியக் கண்டுபிடிச்ச ஓம்ங்கிற மனுசனும் இதே மாதிரி தலைவலிய பட்டிருக்காரு தெரியுமா. ஜெர்மனியில கொலோன்ங்கிற ஊர்ல ஸ்கூல் வாத்தியாரா இருந்தாரு, மொதல்ல பேட்டரி வச்சு அளந்தா கரண்ட்டு ஒரு நெலையில நிக்கவே இல்ல, அப்புறம் செம்பும் பிஸ்மத்துங்கிற உலோகமும் சேத்த ஒரு ஜோடிய எடுத்து (ரெண்டு முனையிலயும் சூடு வேறயா இருந்தா அதுல கரண்ட்டு பாயும்) ஒரு முனைய கொதிக்கிற தண்ணியிலயும் இன்னொரு முனைய ஐஸ்லயும் வச்சு, சூடு மாறாம பாத்துக்கிட்டுத்தான் கணக்கு எடுத்தாரு. 1827-ல புஸ்தகமா போட்டாரு. நீ என்னடான்னா பல்பு ஆறினப்ப ஓம அளந்துட்டு எரியறப்ப உள்ள வாட்ஸ கேக்குற.

ஹீட்டர்ல இந்த வம்பு அவ்வளவா இல்ல, நிக்ரோம் கம்பி சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் சில சதவீதம்தான் மாறும். 2000 வாட்ஸ் ஹீட்டர்னா 26 ஓம் சொச்சம் காட்டும், 8.7 ஆம்பியர் இழுக்கும், சரியா வரும் பாரு. இதே ஹீட்டருக்கு வோல்டேஜ் 200-க்கு எறங்கிட்டா பவர் 1500 வாட்ஸ்தான், ஏன்னா கரண்ட்டும் கூடவே எறங்குதுல்ல. ஃபேன், மோட்டார் பக்கம் மட்டும் இந்தக் கணக்கோட போயிடாத, காயிலோட ஓம மீட்டர்ல அளந்து 230-ஐ வகுத்தா வர்ற ஆம்பியர் ஓடுற மோட்டாருக்குப் பொருந்தவே பொருந்தாது, அதுல வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குனாலும் வாட்ஸ் ஆகாது, பவர் ஃபேக்டர்னு ஒண்ணு, அதான் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போகாததால வர்ற கழிவு, குறுக்க வரும்.

பேத்தி கேட்டாளே ஒரு கேள்வி, அதுதான் கேள்வி! கரண்ட் வர்க்கம் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ்னா ரெசிஸ்டன்ஸ் கூடுனா பவர் கூடுது, வோல்டேஜ் வர்க்கம் வகுத்தல் ரெசிஸ்டன்ஸ்னா கொறையுது, எது நெஜம்னு. ரெண்டும் நெஜம்தான், எது மாறாம இருக்குன்னு பாக்கணும். வீட்ல எல்லாம் பேரலல், அதான் பக்கம் பக்கமா தனித்தனியா இணைச்சது, எல்லாத்துக்கும் ஒரே வோல்டேஜ், அதனால ஓம் கம்மியா இருக்கறது அதிகமா எரிக்கும். சீரியஸ்ல, அதான் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா ஒரே வரிசையில, கோத்தா கரண்ட்டு ஒண்ணுதான், அங்க ஓம் அதிகமா இருக்கறவன்தான் பவர வாங்கிக்குவான். 60 வாட்ஸ் குண்டு பல்பையும் 100 வாட்ஸ் குண்டு பல்பையும் சீரியஸ்ல போட்டா எது பளிச்சுனு எரியும்னு அவகிட்ட கேளு, பதில நீ சொல்லிடாத.

கடைசியா ஹீட்டர் பிளக் கைய வைக்க முடியாத அளவுக்கு சுடுதுன்னு போற போக்குல எழுதிட்டு விட்டுட்ட பாரு, எனக்கு அதுதான் பக்குனு ஆச்சு. பின்னு லூசா இருந்து அந்த எடத்துல அரை ஓம் வந்துச்சுன்னு வையி. 8.7 பெருக்கல் 8.7 பெருக்கல் அரை, 38 வாட்ஸ் சூடு, அந்தச் சின்ன எடத்துல. ஈயத்த உருக்கி வயர ஒட்டுற சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான்டா. ஹீட்டருக்குப் போற வோல்டேஜுல நாலு வோல்ட்டுதான் கொறையும், தண்ணி எப்பவும் போலதான் சுடும், ஒருத்தருக்கும் தெரியாது, பிளாஸ்டிக் மட்டும் உருகிட்டே இருக்கும். மெயின ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீசியன வரச் சொல்லு, பின்னு கறுத்திருந்தா ஸ்க்ரூவ முடுக்கி ஒப்பேத்த வேணாம், பிளக்கையும் சாக்கெட்டையும் சேத்தே மாத்திடு. கரண்ட அளக்கணும்னா ஒத்த வயருல மாட்டுற கிளாம்ப் மீட்டர் வாங்கிக்கோ, மல்டிமீட்டர ஆம்பியர்ல வச்சு சாக்கெட்டுக்குள்ள மட்டும் சொருகிடாத சாமி, அது நேரா ஷார்ட்டு.

சாக்கெட் மாத்துனதும் ஒரு வரி எழுதிப் போடு.

உன்
மாப்ள