பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றால் ரவுட்டரை மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இன்டர்நெட் குறையில்லாமல் ஓடுகிறது, வீடியோ தடையில்லாமல் வருகிறது. பிரிண்டர் மட்டும் ‘ஆஃப்லைன்’ என்று அடம்பிடிக்கிறது. வீடுகளில் கணினி பழுதுபார்க்கும் நாங்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. போகிற இடத்திலெல்லாம் ‘ரவுட்டர் போயிடுச்சு, புதுசு வாங்குங்க’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் ரவுட்டரில் பழுதே இருக்காது. பிரிண்டரின் பெயரைக் கொண்டு அதன் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குள்ள முகவரியைக் கணினியால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

இதைச் சோதிப்பது எளிது. பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவில் 192.168.1.23 என்பது போல ஓர் எண் இருக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, அந்த எண்ணுக்கு ஒரு ‘பிங்’ (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் கட்டளை), பிறகு பெயருக்கு ஒரு ‘பிங்’ கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் கோளாறு பெயரில்தான். சில டெக்னீஷியன்கள் இதற்கு ‘என்எஸ்லுக்அப்’ என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறார்கள். அது, பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரை மட்டுமே கேட்கும். பிரிண்டர் போன்ற வீட்டுக் கருவிகளுக்கு இருக்கும், ‘.லோக்கல்’ என்று முடியும் பெயர்களைப் பொதுவாக எந்த சர்வரும் வைத்திருப்பதில்லை. அவற்றுக்குக் கணினி, எல்லாக் கருவிகளும் கேட்கும் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, ‘இந்தப் பெயர் யாருடையது?’ என்று நெட்வொர்க் முழுக்கக் கூவும். உரிய கருவியே பதில் சொல்லும்.

அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. நம் வீடுகளில் சிக்கல் தொடங்குவதே இங்குதான். ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியே பெரும்பாலும் ஒரு ரவுட்டர். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரை வாங்கி, அதன் ‘வேன்’ (வெளி இணைப்புக்கான) போர்ட்டில் கேபிளைச் செருகிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் உருவாகிவிடுகிறது. மாடியில் உள்ள லேப்டாப் கீழே இருக்கும் பிரிண்டரை எண்ணால் அடையலாம், ‘.லோக்கல்’ பெயரால் அடைய முடியாது. கீழிருந்து மேலே இரண்டாலும் முடியாது. இரண்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையையே பயன்படுத்தினால் குழப்பம் இன்னும் மோசம்.

இரண்டாவது ரவுட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் போதும். அந்த வசதி இல்லாத பழைய மாடலா? அதன் லேன் (வீட்டுக்குள்ளான நெட்வொர்க்) முகவரியை முதல் ரவுட்டரின் வரிசையில், டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி எண் கொடுக்கும் வசதி) பங்கிடும் எண்களுக்கு வெளியே உள்ள ஓர் எண்ணாக மாற்றி, அதில் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, கேபிளை ‘லேன்’ போர்ட்டில் செருகுங்கள். கெஸ்ட் வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்திருந்தாலும் இதே தொல்லை வரும்.

‘.லோக்கல்’ இல்லாத வெறும் பெயர்கள் பல வீடுகளில் ரவுட்டரின் டிஎன்எஸ் பட்டியலிலிருந்து வருகின்றன. வேகத்துக்காகக் கணினியில் 8.8.8.8 என்று கூகுளின் டிஎன்எஸ் சர்வரை எழுதி வைத்திருந்தால், அந்த சர்வருக்கு உங்கள் வீட்டு பிரிண்டரைத் தெரியாது. இரண்டாவது இடத்தில் ரவுட்டர் முகவரியைச் சேர்ப்பதும் பயன்படாது. ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்பதும் ஒரு பதில்தான். அது வந்தபின் கணினி அடுத்த சர்வரைக் கேட்காது. டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸில் ஏதாவது சர்வர் பெயர் கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் அங்கும் இதே கதைதான்.

விண்டோஸில் வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் ஃபயர்வால் (கணினியின் பாதுகாப்புச் சுவர்) அந்தக் கணினியை மற்றவர் கண்ணிலிருந்து மறைக்கும், ‘பிரைவேட்’ ஆக்குங்கள்.

பிரிண்டருக்கு நிலையான தீர்வு ஒன்று உண்டு. ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்ணுக்கு) ஓர் ஐபி எண்ணை ‘ரிசர்வ்’ செய்துவிட்டு, விண்டோஸின் பிரிண்டர் போர்ட்டை, பிரிண்டரைத் தானே தேடும் டபிள்யூஎஸ்டியிலிருந்து ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி’க்கு மாற்றி அதே எண்ணைக் கொடுக்கலாம். பிரிண்டரிலேயே எண்ணை அடித்து வைப்பதை நாங்கள் விரும்புவதில்லை. நாளை ரவுட்டரின் வரிசை மாறினால் அது தனித்து நின்றுவிடும். போன், லேப்டாப்புக்கு ரிசர்வ் செய்தால், அந்த வைஃபைக்கு மட்டும், மேக் முகவரியை மாற்றிக் காட்டும் ‘ரேண்டம் மேக்’கை அணைக்க வேண்டும்.

இணைப்புக் கொடுக்க வரும் நிறுவனங்களுக்கு ஒரு கோரிக்கை: இரண்டாவது பெட்டி வைக்கும்போது அது ரவுட்டராக ஓடுகிறதா, ஆக்சஸ் பாயின்ட்டாக ஓடுகிறதா, அதன் முகவரி என்ன என்று ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
வீட்டுக் கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
சேலம்