ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி ஆட்டம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு சீசன்தான் காரணம். நேற்று கடைசி ஆட்டம் முடிந்தது. வலைகளைக் கழற்றிச் சுருட்டி அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். இன்று காலை முதல் வேலையாக உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா கைத்தடி இல்லாமல் நடக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். புது வீட்டில் அவருக்குக் கீழ்த்தளத்திலேயே அறை அமைந்ததும் நல்லதாகப் போயிற்று.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பையனுக்கு ஏழு வயது ஆகிறது, பக்கத்தில் இருக்கும் கால்பந்து லீக்கில் சேர்க்கலாமா, எங்கள் இருவருக்கும் விளையாட்டே தெரியாதே என்று கேட்டிருக்கிறாய். சேர்த்துவிடு. ஆறு ஆண்டுகளாக இதிலேயே கிடப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன். ஆனால் எதில் சேர்க்கிறாய் என்பதைத் தெரிந்துகொண்டு சேர்.

பிள்ளைகளின் கால்பந்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேர்வு வைத்து ஆள் எடுக்கும் கிளப். சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, வெளியூர்ப் பயணம் என்று அது தனி உலகம். மற்றொன்று நீ சொல்லும் இந்த லீக். இங்கே தேர்வு கிடையாது. பெயர் கொடுத்த பிள்ளைக்கு ஓர் அணி உண்டு. வாரத்தில் ஒரு மாலை பயிற்சி, வார இறுதியில் ஓர் ஆட்டம், எட்டுப் பத்து வாரங்களில் சீசன் முடிந்துவிடும். அமெரிக்காவில் 1964-இல் கலிஃபோர்னியாவின் டோரன்ஸ் நகரில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. (அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு) என்ற அமைப்பு இதற்கென்று ஒரு விதியைப் பிடித்துக்கொண்டது. அணியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருக்க வேண்டும். நன்றாக ஆடுகிறானா, பந்தைக் கண்டு ஒதுங்குகிறானா என்ற கேள்வியே அதில் இல்லை. எங்கள் லீக்கும் அந்த விதியைத்தான் வைத்திருக்கிறது. உன் லீக்கின் விதிப் பக்கத்தில் முதலில் இதைத் தேடு. அது இல்லையென்றால் எனக்கு எழுது, பேசுவோம்.

அணி பிரிப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. சீசன் முடியும்போது பயிற்சியாளர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மதிப்பெண் போட்டுக் கொடுப்பார்கள். அடுத்த முறை அதைப் பார்த்து, வலுவானவர்களும் புதியவர்களும் எல்லா அணிகளிலும் கலந்து வருமாறு பிரிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்த்துப் போடுங்கள் என்று நீ கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள், வருத்தப்படாதே. எல்லோரும் கேட்பதைக் கொடுத்தால் கெட்டிக்காரர்கள் எல்லாம் ஒரே அணியில் சேர்ந்துவிடுவார்கள். வாராவாரம் ஒன்பது கோல் வாங்கும் அணியில் எந்தப் பிள்ளை மறுபடி வந்து நிற்கும்?

இதையெல்லாம் நடத்துகிறவர்கள் யார் என்று முதல் ஆண்டு எனக்குத் தெரியாது. எங்கோ ஓர் அலுவலகம் இருக்கும், நாம் கட்டும் பணத்துக்கு வேலை செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒருவரும் இல்லை. கட்டணம் மைதான வாடகைக்கும் காப்பீட்டுக்கும் சட்டைக்கும் போய்விடுகிறது. எங்கள் ஆட்ட அட்டவணையைப் போடுகிறவர் ஒரு பல் மருத்துவர். சட்டைகளை அளவு பார்த்துப் பிரித்துக் கொடுப்பவர் ஒரு கணக்கு ஆசிரியை. சனிக்கிழமை விடியற்காலையில் மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறவர் இரவுப் பணி முடித்து நேராக வருகிறவர். எல்லோரும் அங்கே ஆடும் ஏதோ ஒரு பிள்ளையின் அப்பா, அம்மா. பதிவு செய்தும் காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறோம் என்று பெற்றோர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். மைதானம் போதாமல் எங்கள் பிள்ளைகள் காத்திருந்ததில்லை. பயிற்சியாளராக யாரும் முன்வராததால்தான் காத்திருந்தார்கள்.

மூன்றாம் ஆண்டு என் மகளின் அணிக்கும் அப்படி ஆனது. ஒருவரும் வரவில்லை என்றால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று மின்னஞ்சல் வந்தது. பந்தை உதைத்தறியாத நான் கை தூக்கினேன். என் பின்னணியைச் சரிபார்த்தார்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி ஒரு பாடமும், தலையில் அடிபட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பாடமும் படிக்க வைத்தார்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்பது அதில் கண்டிப்பான விதி. அதனால்தான் சொல்கிறேன், பயிற்சி முடியும் நேரத்துக்கு நீ அங்கே நின்றுவிடு. ஒரு தாய் இருபது நிமிடம் தாமதித்தால், அந்த ஒரு பிள்ளைக்காக இரண்டு பெரியவர்கள் இருட்டில் காத்திருக்க வேண்டும்.

இனி உனக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அந்த ஆண்டு பிள்ளைகளுக்கு ஒன்பது வயது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவார்கள். எங்கள் அணியில் பத்துப் பேர். ஆட்டம் பாதிக்கு 25 நிமிடம், மொத்தம் 50. ஆகவே ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 நிமிடம் கொடுக்க வேண்டும். சீசனின் கடைசி ஆட்டம், இரண்டுக்கு இரண்டு என்று சமனில் நிற்கிறது. அணியில் ஒல்லியான பையன் ஒருவன் இருந்தான். பந்து வேகமாக வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், ஆனால் ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை. அவன் உள்ளே போக வேண்டிய நேரம் வந்தது. கோட்டின் ஓரத்தில் வந்து நின்றான். இன்னும் இரண்டு நிமிடம் என்றேன். குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். சட்டையை இழுத்து உள்ளே செருகினான். என்னைப் பார்த்தான். இதோ, இதோ என்று கையைக் காட்டினேனே தவிர யாரையும் வெளியே அழைக்கவில்லை. நாங்கள் மூன்றாவது கோலைப் போட்டோம். சற்று நேரத்தில் நடுவர் விசில் ஊதிவிட்டார். அவன் அப்போதும் கோட்டின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

எல்லோரும் குதித்தார்கள். அவனும் வரிசையில் வந்து எதிரணியோடு கை தட்டிவிட்டுப் போனான். அவன் அம்மா நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. அன்று இரவு, யார் எப்போது உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள் என்ற குறிப்பை எடுத்து அவன் ஆடிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 18 நிமிடம். மறுநாள் அவன் அம்மாவை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் உள்ளே போயிருந்தால் தோற்றிருப்போமா அம்மா என்று கேட்டான். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சீசன் பட்டியல் வந்ததும் அவன் பெயரைத்தான் முதலில் தேடினேன். இல்லை.

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முந்தைய இரவே யார் எந்த நிமிடம் உள்ளே, யார் வெளியே என்று ஓர் அட்டையில் எழுதிவிடுகிறேன். அதை என் கையில் வைத்துக்கொள்வதில்லை. வேறொரு பெற்றோரிடம் கொடுத்து, நேரம் வந்ததும் உரக்கப் படிக்கச் சொல்கிறேன். சமனில் நின்றாலும், தோற்றுக்கொண்டிருந்தாலும் அட்டைப்படிதான். அதனால் இரண்டு ஆட்டங்களில் தோற்றிருக்கிறோம். நீ ஓரத்தில் நின்று பார்க்கும்போது, நன்றாக ஆடுகிறவனை ஏன் வெளியே எடுக்கிறார் என்று தோன்றும். அப்போது இந்தப் பையனை நினைத்துக்கொள்.

உன் மகன் வயதுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏழு, எட்டு வயதில் நால்வருக்கு நால்வர், சின்னக் களம், சின்ன கோல், கோல்கீப்பரும் இல்லை, எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியும் இல்லை. பிறகு ஏழு பேர், ஒன்பது பேர் என்று வளர்ந்து, 13 வயதில்தான் பதினொருவர் ஆட்டத்துக்கு வருவார்கள். அமெரிக்காவில் இப்படித்தான். இங்கிலாந்திலும் சின்ன அணிகளில்தான் தொடங்குகிறார்கள். ஏன் என்று முதல் நாளே உனக்குப் புரிந்துவிடும். பெரிய களத்தில் 22 பிள்ளைகளை விட்டால் பாதிப் பேர் பந்தைத் தொடாமலேயே வீடு திரும்புவார்கள். கோல் கணக்கையும் அந்த வயதில் பல லீக்குகள் எழுதி வைப்பதில்லை. பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று 1987-இலேயே தனி விதிகள் வகுத்த நார்வேயில், 11 வயதுக்கு முன் புள்ளிப் பட்டியலே வெளியிடக் கூடாது. எனக்கு இது மிகவும் பிடித்த விதி. யார் ஜெயித்தார்கள் என்று அவனே வந்து சொன்னால் கேட்டுக்கொள், நீயாகக் கேட்காதே. தலையால் முட்டவும் கற்றுக்கொடுக்காதே. 10 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் பந்தைத் தலையால் ஆடக் கூடாது என்று அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் 2015-இல் முடிவு செய்தது. இங்கிலாந்திலும் 2020 முதல் அந்த வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் அது கிடையாது.

வாங்க வேண்டியது அதிகமில்லை. பந்து 3-ஆம் எண். ஒன்பது வயதுப் பிரிவுக்குப் போனதும் 4. கடையில் 5-ஐக் காட்டி, வளர்ந்த பிறகும் ஆகும் என்பார்கள், வேண்டாம். அது பெரியவர்கள் பந்து, அவன் காலுக்குக் கனம். கீழ்க்காலில் கட்டும் ஷின் கார்டு கட்டாயம், அதன்மேல் முழுதாக மூடும்படி காலுறை. என் மகள் முதல் நாள் காலுறைக்கு வெளியே கட்டிக்கொண்டு போய் நின்றாள், நடுவர் மண்டியிட்டு உட்கார்ந்து சரிசெய்துவிட்டார். இன்னொன்று, உன் சின்னவளையும் பிறகு சேர்ப்பாய் அல்லவா? சீசனுக்கு நடுவில் அவளுக்குக் காது குத்திவிடாதே. தோட்டைக் கழற்றாமல் களத்தில் விடமாட்டார்கள், மேலே டேப் ஒட்டினாலும் ஏற்க மாட்டார்கள். கழற்றினால் துளை மூடிவிடும் என்பதால் ஒரு பெண் நாலு வாரம் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கோல் கம்பத்தில் தொங்க எந்தப் பிள்ளையையும் விடாதே. சரியாக ஊன்றாத கம்பம் கவிழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் களத்துக்குத் திரும்பக் கூடாது. அதில் வாதம் வேண்டாம்.

நடுவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசிலோடு வருகிறவர்கள் பெரும்பாலும் 13, 14 வயதுப் பிள்ளைகள். சென்ற ஆண்டு ஒரு பெண், பதினான்கு இருக்கும். பந்து கோட்டைத் தாண்டியது யாரால் என்பதில் ஓர் அப்பா கத்தத் தொடங்கினார். முதல் பாதி முழுக்க விடவில்லை. இடைவேளையில் அவள் கோல் வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், எழுந்து வரமாட்டேன் என்றாள். விசிலை இறுக்கிப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதரைப் போய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தேன். இரண்டாம் பாதி முழுதும் அவள் ஓடும் பக்கத்தில் கோட்டுக்கு வெளியே நானும் கூடவே நடந்தேன். ஆட்டம் முடிந்ததும் நன்றி என்று சொன்னாள், அவ்வளவுதான். கத்தியவர் மோசமானவர் இல்லை. மழை நாளில் எல்லாப் பிள்ளைகளின் பையையும் தூக்கிக்கொண்டு வந்து காரில் வைப்பவர். தன் பிள்ளை ஆடும்போது மட்டும் அவருக்குத் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை. உன் கணவரும் கிரிக்கெட் பார்க்கும்போது எப்படி என்று எனக்கு நினைவிருக்கிறது. முதல் ஆட்டத்துக்கு முன் அவரிடம் இதைச் சொல்லிவிடு.

என் பெரியவளுக்கு 13 ஆகிவிட்டது. நடுவர் பயிற்சியில் பெயர் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று கை சைகைகளைப் பழகுகிறாள். வரும் சீசனில் ஆறு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு முதன்முதலாகத் தனியாகப் போய் நிற்பாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதே வயிற்றைப் பிசைகிறது.

பதிவுப் படிவத்தின் கடைசியில், உதவ முன்வருகிறீர்களா என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விடாதே. பயிற்சி கொடுக்கத் தெரியாவிட்டால் வலை கட்டலாம், கோடு போடலாம், அட்டையைப் படிக்கலாம். வயதுப் பிரிவை அவன் வகுப்பைப் பார்த்து எழுதாதே, பிறந்த தேதியை வைத்துத்தான் பிரிப்பார்கள். எந்தத் தேதியை எல்லையாகக் கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொள்.

சட்டையில் அவனுக்கு என்ன எண் கிடைத்தது என்று எழுது. அப்பாவுக்கு என் வணக்கம். மைதானத்துக்கு அவரையும் அழைத்துப் போ, ஆனால் நல்ல நாற்காலியாகப் பார்த்துக் கொண்டு போ.

என்றும் அன்புடன்,
உன் தோழி