வள்ளிக்கு ஒரு கடிகாரச் சமாச்சாரம்

காரைக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள வள்ளி,

திட்ட வேண்டியதை எல்லாம் திட்டி முடித்துவிட்டு அப்புறம் படி. நீ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பாலிமர் களிமண் பதினான்கு மாதமாகப் பீரோவில்தான் கிடந்தது. போனில் கேட்டபோதெல்லாம் "ஆரம்பிச்சாச்சு" என்றது பொய். கணக்கு டீச்சரிடம் காய்ச்சல் என்று சொன்னேனே, அதே குரல்தான். உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. சின்னவளுக்கு ஜாதகம் பார்க்கிறோம். உன் முழங்கால் தேவலையா?

சரி, சமாச்சாரத்துக்கு வருகிறேன். எங்கள் உள்முற்றத்து வளவுச் சுவரில் தொங்கிய ரங்கூன் கடிகாரம் ஞாபகம் இருக்கிறதா? என் கல்யாணத்தன்று நீ ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைத் தள்ளி வைத்து, பந்தியை அரை மணி முன்னால் போட வைத்தாயே, அதுதான். பங்கு பிரித்ததில் அது பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டது. முறைப்படி வந்த பங்கு, நான் குறை சொல்லவில்லை. (சொல்கிறேன்தான்.) சுவரில் மிஞ்சியது ஓர் ஆணியும், கடிகாரத்தின் உருவத்துக்கு ஒரு வெள்ளைத் தடமும். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வருவார்கள், அதைப் பார்த்து ஆளுக்கொன்று பேசுவார்கள். அதற்குள் அங்கே ஏதாவது மாட்டியாக வேண்டும் என்ற வேகத்தில்தான் உன் பொட்டலத்தைப் பிரித்தேன்.

தரையில் இருக்கும் அதே ஆத்தங்குடிப் பூவைக் கடிகாரத்தில் கொண்டுவர ஆசை. ஆத்தங்குடிக் கல் சூளையையே பார்க்காது. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவிட்டே இறுக வைப்பார்கள். உன் களிமண் நேர் எதிர். மாதக்கணக்கில் வெளியே கிடந்தாலும் காயாது, சுட்டால்தான் இறுகும். பேருக்குத்தான் களிமண், உள்ளே இருப்பது பி.வி.சி.யாம்.

பிசைவதிலேயே கை விட்டுப்போயிற்று. முறுக்கு மாவு எவ்வளவோ தேவலை. ஒரு சப்பாத்திக்கட்டையைத் தியாகம் செய்தேன், இனி அது சமையல்கட்டுக்குத் திரும்பாது. வெள்ளை நிறம் இருக்கிறதே, அது ஒரு மாமியார்: எங்கே தூசி இருந்தாலும் கண்டுபிடித்து இழுத்துக்கொள்ளும். நான் கட்டியிருந்ததோ சிவப்புக் கண்டாங்கி. இழை இழையாக ஒட்டி, முதல் உருண்டை ரோஜாப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது.

பூவை இதழ் இதழாக வெட்டி ஒட்டினேன் என்று நினைக்காதே. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு எல்லாவற்றையும் குச்சியாக உருட்டி, பூ வருகிற மாதிரி அடுக்கி, ஒரே தடியாக அழுத்திவிட வேண்டும். குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ! இழுத்து மெலியவைத்தால் பூ சின்னதாகும், உருவம் மாறாது. நறுக்குமுன் ஃபிரிட்ஜில் அரை மணி வைக்காவிட்டால் மட்டும் சப்பிப்போகும். அன்று ராத்திரி பதினோரு மணி வரை நறுக்கிக்கொண்டே இருந்தேன். இவர் வந்து பார்த்துவிட்டு, "திங்கிறதா இது?" என்று கேட்டுவிட்டுப் போனார். எண்ணுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பூ.

பூக்களைப் பதித்த முதல் களிமண் பலகை கருகியது. அட்டையில் 130 டிகிரி என்று போட்டிருந்தது, ஓவனிலும் 130-க்குத்தான் திருப்பினேன். உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 160-ஐத் தாண்டி நிற்கிறது. பி.வி.சி. கருகினால் வருகிற புகை நல்லதில்லை; ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு முகப்பில் போய் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது பலகையைக் குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய வழுவழுப்பான டைல்ஸ் மேல் வைத்து, முக்கால் மணி நேரம் சுட்டேன். சூடு ஆறும்வரை மேலே இன்னொரு டைல்ஸ், அதன் மேல் அம்மிக் குழவி. கொஞ்சமும் வளையவில்லை.

அப்புறம் எந்திரம். கடைவீதிக் கடிகாரக்காரர் கொடுத்ததற்குப் பலகை வழியாக வெளியே வரும் மரைக் கழுத்து குட்டை. என் பலகை 9 மில்லிமீட்டர் கனம், மரையில் நட்டு பிடிக்கவே இல்லை. பின்பக்கம் கத்தியால் குடைந்து மாட்டினேன். சுட்ட பிறகும் வெட்டலாம், உப்புத்தாளில் தேய்க்கலாம், அது ஒரு சௌகரியம்.

மாட்டியாயிற்று. தடம் மறைந்தது. படைப்பு அன்று பெரியவரே நின்று பார்த்து, "எங்கே வாங்கினது?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே இன்னும் பத்துக் கடிகாரம் செய்வேன்.

ஆனால் வள்ளி, நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. அப்பத்தாவுக்கு இப்போது கண் அநேகமாகத் தெரிவதில்லை. அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து பூவைத் தடவிக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தடவிப் பன்னிரண்டையும் எண்ணினார். திண்ணையில் போய் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, "இது எப்ப அடிக்கும்?" என்றார்.

அடிக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிகாரம் போனதிலிருந்து ராத்திரியெல்லாம் "மணி என்னாச்சு, மணி என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வயசுக்கோளாறு என்று நினைத்து, சில நாள் எரிந்தும் விழுந்திருக்கிறேன். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த அடியைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறார், உலை வைத்திருக்கிறார், படுத்திருக்கிறார். எனக்குச் சுவரில் இருந்த தடம் மட்டும்தான் தெரிந்தது.

இந்தக் குவார்ட்ஸ் சில்லு நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறதாம், கடிகாரக்காரர் பெருமையாகச் சொன்னார். அத்தனை அதிர்ந்து என்ன, ஒரு தடவை வாய் திறக்கிறதா?

அதனால் வரும்போது மணியடிக்கும் குவார்ட்ஸ் எந்திரம் ஒன்று வாங்கி வா. மரை 12 மில்லிக்குக் குறையக் கூடாது. பாட்டுப் பாடுகிறது வேண்டாம். எத்தனை மணியோ அத்தனை அடி அடிக்க வேண்டும். ராத்திரியில் தானாக வாயை மூடிக்கொள்கிற ரகமும் வேண்டாம், அவருக்கு ராத்திரிதான் முக்கியம்.

அதுவரை நானே வெண்கலத் தட்டில் கரண்டியால் அடிக்கிறேன். நேற்று பன்னிரண்டு அடித்தேன். பக்கத்துப் பங்காளி வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

உன்,
மீனா