ஈர்ப்பு அலைச் செய்தியில் ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த ஈர்ப்பு அலை சிக்கியது’ என்று நம் நாளிதழில் வந்த செய்தியை என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஆர்வம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் செய்தி தவறு. ஈர்ப்பு அலை என்பது வெளியையே நீட்டிச் சுருக்கியபடி பரவும் அதிர்வு.

2023 ஜூனில் பல நாட்டுக் குழுக்கள் அறிவித்தது வேறு. கடிகாரம் போலச் சீராக ரேடியோத் துடிப்பு அனுப்பும் விண்மீன்கள் பல்சர்கள். அந்தத் துடிப்பு நம்மை வந்து சேரும் நேரத்தை ஆண்டுக்கணக்காக அளந்து, மிக மெதுவாக அதிரும் ஈர்ப்பு அலைகளுக்குச் சான்று கண்டார்கள். அதில் ஒரே ஓர் அலை கடந்துபோகவே ஆண்டுகள் ஆகும். ஒன்றையொன்று சுற்றும் ராட்சதக் கருந்துளை ஜோடிகளே காரணம் என்பது பெரும்பாலோர் கருத்து. ஆதிப் பிரபஞ்சத்திலிருந்து வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்காக நிரூபணமானதாக எழுதலாமா?

பிறந்த கணத்தில் பிரபஞ்சம் அதிவேகமாக விரிந்ததைப் பெருவீக்கம் என்பார்கள். அது முடிந்ததும் அதன் ஆற்றல் கொதிக்கும் துகள்களாக மாறியது. அந்தக் கொந்தளிப்பிலும் ஈர்ப்பு அலைகள் எழுந்திருக்கலாம். ஆனால் அவை பெரும்பாலும் நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் அதிர்பவை என்கிறது கணக்கு. ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் அமெரிக்காவின் லைகோ கருவிக்கு எட்டுவது சில ஆயிரம் வரைதான். இவற்றைப் பிடிக்கும் நுட்பமுள்ள கருவி இன்று எங்கும் இல்லை.

2014-ல் தென் துருவத்து பைசெப்-2 டெலஸ்கோப் குழு பெருவீக்க அலைகளின் தடயம் கிடைத்ததாக அறிவித்தது. மறு வருடமே, பிளாங்க் விண்கலக் குழுவோடு சேர்ந்து பார்த்ததில், நம் பால்வீதித் தூசியை விலக்கினால் சான்று நிற்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். பிள்ளைகள் கற்க வேண்டியது அந்த நேர்மையையும்தான். முதல் 3,80,000 ஆண்டுகள் ஒளி தடையின்றிப் பயணிக்க முடியாத மூட்டமாகப் பிரபஞ்சம் இருந்தது. அதைத் தாண்டி வரக்கூடியவை ஈர்ப்பு அலைகள். இவ்வளவு பெரிய விஷயத்தை அவசரத் தலைப்பில் கெடுத்துவிடக் கூடாது.

அப்புறம் ஒன்று. அந்த 2023 அறிவிப்பில் இந்தியக் குழுவும் இருந்தது. ஆரம்ப காலத்தில் அவர்கள் பல்சர்களைக் கவனித்த கருவிகளில் எங்கள் முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பும் ஒன்று. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி, 1970 முதல் இயங்குவது. 530 மீட்டர் நீளம். மலைச்சரிவிலேயே சாய்த்து அமைத்ததால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அடிவாரத்தில் கேரட் போடுபவர்களின் பிள்ளைகளுக்கே இது தெரியவில்லை.

திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுங்கள். முத்தோரைக்கு ஒரு நிருபரை அனுப்பி, அரைப் பக்கமாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
முத்தோரை பாலாடா, நீலகிரி